திரையைப் பார்க்காமல் வாசிப்பது: மேடையிலேயே இசையமைக்க ஒரு முழுமையான வழிகாட்டி

லப்டொப்பை மேடைக்குக் கொண்டுபோன முதல் வருடத்தில் நண்பர்கள் எடுத்த வீடியோக்கள் எல்லாவற்றிலும் என் முகம் நீல வெளிச்சத்தில் இருக்கிறது. பாடகர் என்னைத் திரும்பிப் பார்க்கிறார், நான் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மிருதங்கக்காரர் ஒரு தீர்மானம், அதாவது மூன்று முறை வாசித்து முடிக்கும் சொற்கட்டு, வைத்து முடிக்கிறார், நான் இன்னும் திரையைத்தான் பார்க்கிறேன். சத்தம் சரியாகவே வந்தது, ஆனால் சேர்ந்து வாசிக்கவில்லை.

அதற்குப் பிறகு நான் மாற்றிய ஒவ்வொன்றும் ஒரே நோக்கத்துக்காகத்தான்: கண்ணைத் திரையிலிருந்து விடுவித்து, கையையும் காதையும் வேலை செய்ய விடுவது. இந்த வழிகாட்டியும் அதற்காகவே. திருகோணமலையில் இருந்துகொண்டு, இங்கே கிடைக்கும் பொருட்களோடும் இங்கே இருக்கும் மேடைகளோடும், கொம்பியூட்டருக்குக் கட்டளை அனுப்பும் மிடி கீபோட், தட்டி வாசிக்கும் பேட், ஐபேட், வாசித்ததைப் பிடித்துத் திரும்பப் போடும் லூப் பெடல் போன்றவற்றால் அந்த இடத்திலேயே இசையமைத்து வாசிப்பது எப்படி என்று படிப்படியாகச் சொல்கிறேன். கீபோட் ஓரளவு தெரிந்தவர், சரளிவரிசை தாண்டியவர், அல்லது கோயில் திருவிழாவில் ஒக்டோபேட் அடிப்பவர் யாராக இருந்தாலும் தொடரலாம்.

முதற்படி: எது கட்டாயம், எது சுதந்திரம்

கருவி வாங்குவதற்கு முன்னால் ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஒரு கோடு. இடது பக்கம், மேடையில் மாறவே கூடாதவை. வலது பக்கம், அந்த நேரத்தில் மனம் போனபடி மாறக்கூடியவை.

நமக்கு இது புதிய பாடம் இல்லை. கர்நாடக இசையில் கீர்த்தனை கட்டாயம். ஆலாபனை, நிரவல், கற்பனாஸ்வரம் மனோதர்மம், அதாவது அந்த நேரத்துக் கற்பனை. கற்பனாஸ்வரத்திலும்கூட எங்கே வந்து சேரவேண்டும் என்பது, அதாவது எடுப்பு, முடிவாகிவிட்டது. அதற்கு முன்னால் எந்த வழியாக வருவது என்பதுதான் பாடகரின் சுதந்திரம்.

இன்னும் தெளிவான மாதிரி ஒன்று கடற்கரையில் இருக்கிறது. கரைவலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டைக் கவனித்திருக்கிறீர்களா? ஒருவர் அடி எடுப்பார், மற்றவர்கள் ஏலேலோ என்று திருப்பிச் சொல்வார்கள். திருப்பிச் சொல்வது மாறாது. அடி எடுப்பவர் வலையின் பாரத்துக்கும் ஆட்களின் களைப்புக்கும் ஏற்ப வரியை நீட்டுவார், சுருக்குவார், வேகம் கூட்டுவார். டிஜிட்டல் கருவியோடு வாசிக்கும்போது திருப்பிச் சொல்கிற கூட்டம்தான் இயந்திரம். அடி எடுப்பவர் நீங்கள். இது மாறி, இயந்திரம் அடி எடுக்க நீங்கள் திருப்பிச் சொல்லத் தொடங்கினால், அது பதிவுசெய்த பாட்டைப் போட்டு வாய் அசைப்பதற்குக் கிட்ட வந்துவிடும்.

என் முதல் தாளில் இடது பக்கம் மூன்றே மூன்று விஷயங்கள்தான் இருந்தன: சுருதி, தாளம், முடிக்கும் சத்தம். இன்றும் மூன்றைத் தாண்டுவதில்லை.

இரண்டாம்படி: என்ன கருவி வேண்டும்

குறைந்தபட்சம் இவ்வளவு போதும். சத்தம் உண்டாக்க ஒரு லப்டொப் அல்லது ஐபேட். தொட்டு வாசிக்க ஒரு மிடி கீபோட். 25 கட்டை இருந்தாலும் பரவாயில்லை, ஆனால் சுருதியை வளைக்கும் சில்லு, அதாவது பிட்ச் பெண்ட், கட்டாயம் இருக்கவேண்டும். சத்தத்தை வெளியே அனுப்ப நம் பொடியன்கள் சவுண்ட் கார்ட் என்று சொல்லும் ஓடியோ இன்டர்பேஸ். காலால் மிதிக்க ஒரு பெடல்.

பெடலைக் கடைசியாக வாங்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். நான் முதலில் வாங்கச் சொல்வேன். இரண்டு கையும் வாசித்துக்கொண்டிருக்கும்போது லூப்பைத் தொடங்கவும் நிறுத்தவும் மிச்சமிருப்பது கால் மட்டும்தான்.

மிடி என்பது சத்தம் இல்லை, கட்டளை. 1983இல் அமெரிக்கக் கம்பனி ஒன்றின் கீபோட்டையும் ஜப்பானியக் கம்பனி ஒன்றின் கீபோட்டையும் ஒரே வயரால் இணைத்துக் காட்டினார்கள். ஒன்றை அழுத்த மற்றது பாடியது. இன்றும் அதே மொழிதான்: எந்தக் கட்டை, எவ்வளவு பலமாக, எப்போது விட்டது. கட்டைகளுக்கு 0 முதல் 127 வரை எண், பலத்துக்கும் 127 வரை எண். நடு 'ஸ', அதாவது ஒரு கட்டைச் சுருதியின் ஸட்ஜம், 60. இந்த எண்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், நான்காம்படியில் வேண்டும்.

மென்பொருளில், 2001இல் வந்த ஏபிள்டன் லைவ் மேடைக்காகவே செய்தது. அதில் இசைத் துண்டுகள் கட்டம் கட்டமாக இருக்கும், எதை எப்போது தொட்டாலும் அடுத்த தாளத்தில் பிசகாமல் தொடங்கும். பல மிடி கீபோட்களோடு அதன் சிறிய பதிப்பு சும்மாவே வரும். தொடங்குவதற்கு அது தாராளம். ஐபேட் வைத்திருப்பவர்களுக்கு கராஜ்பாண்ட் இலவசம், அதிலும் கட்டம் போட்ட லைவ் லூப்ஸ் இருக்கிறது. காசே செலவழிக்க முடியாதவர்களுக்கு ப்யூர் டேட்டா இருக்கிறது: மில்லர் பக்கெட் 1990களில் எழுதி இலவசமாகவே விட்டது. படத்தில் பெட்டிகளைக் கோட்டால் இணைத்து உங்கள் கருவியை நீங்களே கட்டலாம். கற்க நாளாகும், ஆனால் பழைய லப்டொப்பிலும் ஓடும். வரி எழுதி இசை உண்டாக்க விரும்பும் மாணவர்களுக்கு சோனிக் பை நல்ல தொடக்கம். பள்ளிக்கூடங்களை மனதில் வைத்து எழுதியது, அதுவும் இலவசம்.

எதை எடுத்தாலும் ஒன்றையே ஆறு மாதம் வைத்திருங்கள். வாரத்துக்கு ஒரு செயலி மாற்றுபவரின் கைக்கு எதுவும் பழகாது.

மூன்றாம்படி: தாமதத்தை அடக்குவது

கட்டையை அழுத்துகிறீர்கள், சத்தம் கொஞ்சம் பிந்தி வருகிறது. இதுதான் பலரை விரட்டிவிடுகிற முதல் பிரச்சினை. கொம்பியூட்டர் சத்தத்தைச் சிறு சிறு பொட்டலங்களாகக் கட்டித்தான் அனுப்புகிறது. பொட்டலம் பெரிதானால் காத்திருக்கும் நேரமும் கூடும். மென்பொருளில் இதற்குப் பெயர் பஃபர்.

ஒரு விநாடிக்கு 44,100 மாதிரிகள் என்ற வழமையான அளவில், பஃபர் 1024 என்றால் ஏறக்குறைய 23 மில்லிவிநாடி. 512 என்றால் 12. 256க்கு 6, 128க்கு 3. மைக்கில் வாங்கி, மாற்றி, வெளியே விடுவதானால் போக ஒன்று வர ஒன்று என்று இரட்டிப்பாகும்.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரிய ஒரு கணக்கு: சத்தம் காற்றில் ஒரு மில்லிவிநாடிக்கு ஏறக்குறைய 34 சென்ரிமீற்றர் போகும். 10 மில்லிவிநாடித் தாமதம் என்பது ஸ்பீக்கரிலிருந்து மூன்றரை மீற்றர் தள்ளி நின்று வாசிப்பது போல. மேடையில் அது சாதாரண தூரம், கை சமாளித்துக்கொள்ளும். 23 என்றால் எட்டு மீற்றர். துரிதகாலத்தில் விரல் தடுமாறும்.

ஆகவே வாசிக்கும்போது 128 வையுங்கள். சத்தம் வெடித்து வெடித்து வந்தால் 256. விண்டோஸ் லப்டொப் என்றால் தாமதத்தைக் குறைக்கவென்று உங்கள் சவுண்ட் கார்ட் கம்பனி தரும் ஆசியோ டிரைவரைப் போடுங்கள்; அப்படி ஒன்று வரவில்லையென்றால் ஆசியோ4ஆல் என்ற இலவச டிரைவர் உதவும். வைபையையும் புளூடூத்தையும் நிறுத்துங்கள். புளூடூத் ஹெட்போனில் வாசிக்கவே முயலாதீர்கள். எந்தப் பஃபரும் அதைக் காப்பாற்றாது.

நான்காம்படி: இராகத்தை இயந்திரத்துக்குள் கொண்டுவருவது

இங்கே கொஞ்சம் நின்று நிதானமாகப் போவோம். மற்ற மொழி வழிகாட்டிகளில் இது பெரும்பாலும் இருக்காது, நமக்கு இதுதான் உயிர்.

நம் ஊருக்கு உரிய ஒன்றையே உதாரணமாக எடுக்கிறேன். கோணேசர்மேல் திருஞானசம்பந்தர் பாடிய பதிகத்தின் பண் புறநீர்மை. ஓதுவார்கள் அதைப் பூபாளத்தில் பாடுவார்கள். பூபாளம் ஐந்து ஸ்வரம்: ஸட்ஜம், சுத்த ரிஷபம், சாதாரண காந்தாரம், பஞ்சமம், சுத்த தைவதம். மிடி எண்ணில் 60, 61, 63, 67, 68. காலை இராகம். கோயில் பாறையில் நின்று கடலிலிருந்து சூரியன் எழும்புவதைப் பார்த்தவர்களுக்கு அது ஏன் பொருந்துகிறது என்று சொல்லவேண்டியதில்லை.

முதல் வேலை, சுருதி. பாடகி ஐந்து கட்டையில் பாடினால் நீங்கள் விரலை மாற்றவேண்டாம். கீபோட்டின் டிரான்ஸ்போஸை 7 கூட்டுங்கள். கை ஒரு கட்டையிலேயே வாசிக்கும், சத்தம் ஐந்து கட்டையில் வரும்.

இரண்டாவது, வெளி ஸ்வரங்களை அடைப்பது. ஏபிள்டனில் ஸ்கேல் என்றொரு மிடி வடிகட்டி இருக்கிறது. பூபாளத்தின் ஐந்தைத் தவிர மற்றவை எல்லாம் பக்கத்து ஸ்வரத்துக்குப் போகும்படி அதில் கட்டம் போடலாம். இருட்டில் கை தவறினாலும் இராகம் கெடாது. ஆனால் இதை ஊன்றுகோலாக மட்டும் வைத்திருங்கள், இரண்டு மாதத்தில் எடுத்துவிடுங்கள். ஆரோகண அவரோகணம் மட்டும் இராகம் ஆகிவிடாது என்பது ஒரு வருடம் சங்கீதம் படித்தவருக்கும் தெரியும்.

மூன்றாவது, கமகம், அதாவது ஸ்வரத்தை அசைத்தும் வழுக்கியும் வாசிப்பது. கீபோட்டில் ஒவ்வொரு ஸ்வரமும் தனித்தனிப் படிக்கட்டு, நம் இசையோ படிகளுக்கு இடையில்தான் வாழ்கிறது. இதற்கு மூன்று வழிகள் கண்டிருக்கிறேன்.

ஒன்று, இடது கையில் பிட்ச் பெண்ட் சில்லு. கட்டையின் பலத்துக்கு 127 படிதான் உண்டு. இந்தச் சில்லுக்கு 16,384 படிகள், நடு 8192. அதனால் வழுக்கிக்கொண்டு போகும்போது படி தெரியாது. பெரும்பாலான கருவிகளில் இது மேலே இரண்டு, கீழே இரண்டு அரைச்சுரம் போகும்படி இருக்கும். பூபாளத்தில் சாதாரண காந்தாரத்திலிருந்து பஞ்சமம் நான்கு அரைச்சுரத் தூரம். அந்த ஜாருவை, அதாவது வழுக்கலை, ஒரே இழுப்பில் எடுக்கவேண்டுமானால் வீச்சை ஐந்து அல்லது ஏழுக்குக் கூட்டுங்கள். வீச்சு கூடக் கூடச் சில்லு முரட்டுத்தனமாகும், கை நடுங்கினால் அபஸ்வரம். நான் ஐந்தில் வைத்திருக்கிறேன். முக்கியமாக, கீபோட்டில் என்ன எண் வைத்தாலும் சத்தம் தரும் மென்பொருளிலும் அதே எண் இருக்கவேண்டும்.

இரண்டு, சத்தத்தை மொனோவாகவும் (ஒரு நேரத்தில் ஒரே ஸ்வரம்) லெகாட்டோவாகவும் (ஸ்வரங்களை அறுக்காமல் இணைப்பது) மாற்றி, வழுக்கும் நேரமான கிளைடை 60 முதல் 100 மில்லிவிநாடிக்குள் வைப்பது. ஒரு கட்டையை விடாமல் அடுத்ததை அழுத்தினால் குரல் வழுக்கிக்கொண்டு போய்ச் சேரும். புல்லாங்குழல், வயலின் மாதிரிச் சத்தங்களுக்கு இது மிகவும் இயல்பாக வரும். சில்லில் கை வைக்காமலே பாதிக் கமகம் கிடைத்துவிடும்.

மூன்று, கட்டையே இல்லாத கருவி. ஐபேட்டில் ஜியோஷ்ரெட் என்றொரு செயலி. திரையே தந்திக் கருவியில் விரல் வைக்கும் பலகை மாதிரி. விரலை வழுக்கினால் சுருதியும் வழுக்கும். மகேஷ் ராகவன் இதில் கர்நாடக இசை வாசிப்பதைக் கேட்டுப் பாருங்கள். கண்ணை மூடினால் ஐபேட் என்று நம்பமாட்டீர்கள். ஏ.ஆர். ரஹ்மான் வாசிக்கும் கொன்டினியம் என்ற நீளப் பலகையும் இந்த வகைதான், ஆனால் விலை எட்டாத உயரம். இப்படிப்பட்ட கருவிகள் எம்பிஇ என்ற முறையில் பேசும்: ஒவ்வொரு விரலுக்கும் தனி மிடி வழி, அதனால் ஒரு ஸ்வரத்தை அசைக்கும்போது மற்றது ஆடாமல் நிற்கும். கீழே ஸட்ஜம் நிற்க மேலே காந்தாரத்தை அசைக்க இது வேண்டும்.

கடைசியாக ஒரு நுணுக்கம். கீபோட் பன்னிரண்டு ஸ்வரத்தையும் சமமாகப் பங்கிட்டிருக்கிறது, தம்புரா அப்படியில்லை. ஒரு அரைச்சுரத்தை நூறாகப் பிரித்தால், இயல்பான சாதாரண காந்தாரம் கீபோட்டின் காந்தாரத்தைவிட 16 பங்கு மேலே நிற்கும். சுத்த தைவதம் 14 பங்கு மேலே. தம்புராவோடு நீட்டிப் பிடித்தால் உரசுவது காதில் தெரியும். சுவாமி விபுலாநந்தர் யாழ் நூலில் கணக்குப் போட்டுக் காட்டியது இதே சுருதி வேறுபாடுகளைத்தான். 1947இல் அது வெளிவந்தபோது கையால் கணக்கிட்டதை இன்று மென்பொருள் செய்கிறது: ஏபிள்டன் லைவ் 12இலும் வேறு பல சின்தசைசர்களிலும் ஒவ்வொரு ஸ்வரத்தின் சுருதியையும் நாமே எழுதி வைக்கலாம். தம்புரா ஓடும் கச்சேரிக்கு இதைக் கட்டாயம் செய்யுங்கள். திருமண வரவேற்புக்கு வேண்டாம், கிற்றாரோடு மோதும்.

ஐந்தாம்படி: குமிழ்களுக்கு வேலை கொடுப்பது

கீபோட்டில் எட்டுக் குமிழ் இருந்தால் எட்டுக்கும் வேலை கொடுக்கத் தோன்றும். நான்கு போதும். என்னுடையவை: தம்புராவின் அளவு, சத்தத்தின் பிரகாசம், எதிரொலி, லூப்களின் மொத்த அளவு. எந்தப் பாட்டானாலும் எந்த இராகமானாலும் இந்த நான்கும் இதே இடத்தில்தான். ஆறு மாதத்துக்குப் பிறகு கை தானாகப் போகும்.

குமிழின் முழு வீச்சையும் பயன்படுத்தாதீர்கள். பிரகாசத்தை முழுக்கத் திறந்தால் காது கிழியும் என்றால், மென்பொருளிலேயே அதன் உச்சியை 70 சதவீதத்தில் அடைத்துவிடுங்கள். மேடையில் பயத்தில் கை எவ்வளவு திருப்பினாலும் கேட்கக்கூடிய எல்லைக்குள்தான் நிற்கும். இது சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் துணிந்து வாசிக்க வைப்பது இதுதான்.

பேட்களில் சிறு துணித்துண்டோ மணல்தாளோ ஒட்டி அடையாளம் வையுங்கள். முடிக்கும் சத்தம் உள்ள பேட் என் கருவியில் மணல்தாள்.

ஆறாம்படி: தாளமும் லூப்பும்

லூப் என்பது வாசித்ததைப் பிடித்துத் திரும்பத் திரும்பப் போடுவது. நம் தாளத்தோடு அது ஒத்துப்போக ஒரே ஒரு அமைப்பு சரியாக இருக்கவேண்டும்: எந்த எல்லையில் தொடங்கவேண்டும் என்பது.

ஆதிதாளம் எட்டு அட்சரம். மென்பொருள் நாலு நாலாக எண்ணும், அந்த நாலுக்குப் பெயர் பார். எனவே தொடங்கும் எல்லையை இரண்டு பார் என்று வையுங்கள். அப்போது பெடலை எப்போது மிதித்தாலும் அடுத்த சமத்தில்தான், அதாவது தாளச் சுற்றின் முதல் அடியில்தான், லூப் எழும்பும். வேகம் 80 என்றால் ஒரு ஆவர்த்தனம், அதாவது தாளத்தின் ஒரு முழுச் சுற்று, சரியாக ஆறு விநாடி. மிஸ்ரசாபுவுக்கு அளவை ஏழின்கீழ் எட்டு என்று மாற்றி எல்லையை ஒரு பார் ஆக்குங்கள். இதை மறந்தால் லூப் சாபுவின் நடுவில் எழும்பி எல்லோரையும் குழப்பும்.

அடுக்குவதில் ஒழுங்கு வேண்டும். முதலில் நீளமான, அசைவில்லாத ஒன்று: ஸட்ஜமும் பஞ்சமமும். பிறகு தாளத்தைச் சொல்லும் சிறிய ஒன்று. பிறகு நாலைந்து ஸ்வரத்தில் ஒரு பிடி, அதாவது சிறு இசைத்தொடர். இதோடு நிறுத்துங்கள். நாலாவது அடுக்கு வந்ததும் உங்களுக்கு வாசிக்க இடம் இருக்காது. ஐந்து ஆவர்த்தனத்துக்கு ஒருமுறை ஒன்றை எடுங்கள். போடுவதைவிட எடுப்பதைத்தான் சபை கவனிக்கும். சத்தம் விழுந்த அந்த இடத்தில் தலை நிமிரும்.

முடிப்பதற்கு லூப்பை மெல்ல மெல்ல மங்கவிடுவது எளிது, அதனாலேயே எல்லோரும் அப்படிச் செய்கிறார்கள். நமக்குத் தீர்மானம் இருக்கிறது. ஆதிதாள ஆவர்த்தனத்தில் அட்சரத்துக்கு நாலாக 32 மாத்திரை. எட்டு மாத்திரைச் சொல் ஒன்றை மூன்று முறை வாசித்து, இடையில் நாலு நாலு மாத்திரை விட்டால்: 8, 4, 8, 4, 8. கூட்டினால் 32. சமத்தில் முடியும். சொல் பத்து, இடைவெளி ஒன்று என்றாலும் 32தான், ஆனால் அது நெருக்கம். நான் செய்வது: தீர்மானம் தொடங்கும்போது எல்லா லூப்பையும் ஒரே பெடலில் நிறுத்துவேன். அந்த இடைவெளிகளில் வெறும் நிசப்தம். மூன்றாவது சொல் முடிந்து சமம் விழும்போது மணல்தாள் பேட். கையும் காலும் இதைச் சேர்ந்து செய்ய எனக்கு மூன்று மாதம் எடுத்தது.

ஏழாம்படி: நம் சத்தங்களைப் பிடித்து வைப்பது

மென்பொருளோடு வரும் மேளங்கள் எங்கோ ஒரு ஸ்ரூடியோவில் பிடித்தவை. கூத்து மத்தளமும் சல்லரியும் உடுக்கும் அதில் இருக்காது. போனிலேயே பிடிக்கலாம். ஒரே அடியை மெதுவாக, நடுத்தரமாக, பலமாக என்று மூன்று விதமாகப் பிடியுங்கள். ஒவ்வொன்றிலும் நாலைந்து அடி. பிறகு பலத்தின் எண்ணைப் பங்கிடுங்கள்: 1 முதல் 50 வரை மெல்லிய அடி, 51 முதல் 95 வரை நடுத்தரம், அதற்கு மேல் பலமானது. ஒரே அடியைச் சத்தம் கூட்டிக் குறைத்தால் பொம்மை மேளம் மாதிரி இருக்கும். மூன்று இருந்தால் தோல் உயிரோடு பேசும்.

கடலைப் பிடிக்க விரும்பினால் உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் அதிகாலையில் போங்கள். காற்று எழும்பிய பிறகு மைக்கில் இரைச்சல்தான் விழும். மைக்கை ஒரு தடித்த சொக்ஸுக்குள் போட்டால் ஓரளவு தடுக்கும்.

ஒரு வேண்டுகோள். கரைவலைக்காரரின் பாட்டையோ அண்ணாவியாரின் மத்தளத்தையோ பிடிப்பதற்கு முன்னால் கேளுங்கள், எதற்கு என்று சொல்லுங்கள், பிறகு வாசித்ததைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். "தம்பி, இதையா இப்படிச் செய்தாய்?" என்று ஒரு ஐயா ஹெட்போனைக் கழற்றாமல் கேட்டிருந்த காலைப்பொழுது எனக்கு எந்த மேடையைவிடவும் பெரியது.

எட்டாம்படி: மனிதரோடு வாசிப்பது

இயந்திரத்தின் தாளம் அசையாது, மனிதரின் தாளம் மூச்சுவிடும். இரண்டையும் சேர்ப்பது எப்படி?

இரண்டு பேருமே டிஜிட்டல் கருவி என்றால் சுலபம். ஒருவர் போனில் ஹொட்ஸ்பொட் போட்டு, இருவரும் வைபையை இதற்கு மட்டும் திறந்து ஏபிள்டன் லிங்க்கை இயக்கினால், ஒருவர் வேகத்தை மாற்ற மற்றவரின் கருவியும் மாறும், சமமும் ஒன்றாக விழும். இணையம் தேவையில்லை, டேட்டா செலவாகாது. ஐபேட்டும் லப்டொப்பும் கலந்தும் இருக்கலாம்.

மிருதங்கமோ தவிலோ வந்துவிட்டால் கதை வேறு. வித்துவானின் காதில் ஹெட்போனை மாட்டி டிக் டிக் கேட்கச் சொல்லும் வழக்கம் எனக்குப் பிடிப்பதில்லை. சினிமாப் பாட்டுக்கு அது பொருந்தும். மனோதர்மத்துக்கு இல்லை. இரண்டு வழி உண்டு. ஒன்று, தாளம் முழுவதையும் அவரிடம் விட்டு, இயந்திரம் தம்புராவும் நீண்ட சத்தங்களும் மட்டும் தருவது. லூப்பில் அடி எதுவும் இல்லாவிட்டால் பிசகவும் வழியில்லை. மற்றது, டாப் டெம்போவைப் பெடலுக்குக் கொடுத்து, அவர் வாசிப்பதற்கு ஏற்ப நீங்கள் காலால் தட்டி இயந்திரத்தை அவர் பின்னால் அழைத்துப் போவது. ஆவர்த்தனத்துக்கு நாலு தட்டு போதும். கொஞ்சம் பிசகும், பழகப் பழகக் குறையும்.

பாடகரோடு ஒரு சைகை பேசி வைத்துக்கொள்ளுங்கள். எங்களுடையது: அவர் கையைத் திறந்து காட்டினால் லூப் எல்லாம் நிற்கும், ஆலாபனை மட்டும். இதைப் பார்க்கத்தான் கண் சும்மா இருக்கவேண்டும் என்கிறேன்.

ஒன்பதாம்படி: நம் ஊர் மேடை

நம் கரண்ட் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று கீழ்ச்சுருதி இரைச்சல் கேட்டால் அந்த 50தான் அல்லது அதன் இரட்டிப்பு. லப்டொப் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். நின்றுவிட்டால் காரணம் அதுதான். சத்தத்தை மிக்ஸருக்கு அனுப்பும் டிஐ பெட்டி ஒன்றை இடையில் வைத்து அதன் எர்த் விடுவிக்கும் பொத்தானை அழுத்தினால் பெரும்பாலும் தீரும். சார்ஜரின் எர்த் முள்ளை மறைத்தோ உடைத்தோ செருகுவதை மட்டும் செய்யாதீர்கள். ஈரமான கோயில் மண்ணில், வெறுங்காலோடு, மைக்கைப் பிடித்து நிற்பவர் உயிர் அதில் இருக்கிறது.

ஒரு திருவிழா இரவில் கரண்டிலிருந்து ஜெனரேட்டருக்கு மாறிய இரண்டு விநாடியில் என் யூஎஸ்பி ஹப் அணைந்து திரும்ப எழும்பியது. லப்டொப் பற்றரியில் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் சவுண்ட் கார்ட்டை அது மறந்துவிட்டது. திரும்ப எல்லாவற்றையும் திறக்க நாலு நிமிடம். பாடகர் தனியாக விருத்தம் பாடிச் சமாளித்தார். அதற்குப் பிறகு ஹப்புக்கு ஒரு சிறிய யூபிஎஸ் வைத்திருக்கிறேன். நாளுக்கு 13 மணி நேரம்வரை மின்வெட்டு இருந்த 2022இல் வீட்டில் பயிற்சி செய்ய வைத்ததும் அதே யூபிஎஸ்தான். இன்னொன்று: தம்புராவை எப்போதும் தனியான போனில் ஓடவிடுங்கள். லப்டொப் செத்தாலும் சுருதி நிற்காது, வாசித்துக்கொண்டிருக்கலாம்.

சூடு. ஐபேட் 35 பாகைவரைதான் தாங்கும் என்று அதன் கம்பனியே சொல்கிறது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் பின்னேர ஒத்திகைக்கு வெளியே வைத்தால் திரை இருண்டு எச்சரிக்கை காட்டி நின்றுவிடும். நிழலில், கவர் கழற்றி, பற்றரியை முன்பே நிரப்பி, சார்ஜர் இல்லாமல் வாசியுங்கள். உப்புக்காற்றும் விடாது, டச் பே பக்கம் இரண்டு நாள் திறந்து கிடந்த வயர் முனை பச்சை பிடிக்கும். வந்ததும் உலர்ந்த துணியால் துடைத்து, சிலிக்கா பொதியோடு மூடிய பெட்டியில் வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் இதை ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள்.

பத்தாம்படி: ஒரு நாளைக்கு நாற்பது நிமிடம்

முதல் பத்து நிமிடம் திரையை ஒரு துவாயால் மூடி, பூபாளத்தின் ஐந்து ஸ்வரத்தில் ஆலாபனை மாதிரி மெதுவாக. சில்லில் இடது கை. அடுத்த பத்து நிமிடம் ஒரே லூப்பைப் போட்டு அதன்மேல் கற்பனாஸ்வரம். எடுப்புக்கு வந்து சேர்வது மட்டுமே குறிக்கோள். பிறகு பத்து நிமிடம் தீர்மானமும் பெடலும். கடைசிப் பத்து நிமிடம் நிறுத்தாமல் ஒரு முழுத் துண்டு, தொடங்கி முடிக்கும் வரை. தவறினாலும் நிற்கக் கூடாது. தவறிய ஸ்வரத்தை அடுத்த ஆவர்த்தனத்தில் வேண்டுமென்றே திரும்ப வாசித்துப் பாருங்கள். சில நேரம் அங்கேதான் புதிய பிடி பிறக்கிறது.

அந்தக் கடைசிப் பத்து நிமிடத்தை எப்போதும் பதிவு செய்யுங்கள். அன்றே கேட்கவேண்டாம். ஞாயிறு காலை ஏழு நாள் பதிவுகளையும் சேர்த்துக் கேட்டு, நல்லதாகப் பட்ட இடங்களின் நேரத்தை மட்டும் எழுதுங்கள். போன ஆனியிலிருந்து என் கொப்பியில் இப்படி 41 இடங்கள் சேர்ந்திருக்கின்றன. அதில் ஆறு இப்போது மேடைக்குப் போகும் துண்டுகள். வாசிக்க உட்காரும்போது அவற்றில் ஒன்றும் என் மனதில் இருக்கவில்லை.